மதகடியார் முதுகுகள்

எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசிப் பிழைத்தார்கள், மீதிப்பேர் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்காகப் பேசிப் பிழைத்தார்கள், உயிரோடு எதிரில் நிற்பவரிடம் ஒழுங்காக நாலு வார்த்தை பேசியவர் என்று யாரையும் எனக்கு நினைவில்லை. முதல் வகையினர் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் தேடி அலைந்த ஆராய்ச்சிக்காரர்கள். இரண்டாம் வகையினர் ஓட்டுக் கேட்டு அலைந்த அரசியல்காரர்கள். இரண்டு வகையினருக்கும் பெயருக்குப் பின்னால் மதகடியார் என்ற ஒரே வால். பெருமதகூர்ப் பேரேரியின் பழைய மதகுக்கு அடியில் எங்கள் முதல் வீடு இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். அந்த வீட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எங்களவர்கள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், மேடையில் அதை நினைத்துக் கண்ணீரும் விட்டிருக்கிறார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தை எங்கள் வீட்டு ஆண்கள் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால், தலைமுறை தலைமுறையாக ஒரு சிவக்கொழுந்து, அவருக்கு மகன் ஒரு அம்பலவாணன், அவருக்கு மகன் மறுபடியும் சிவக்கொழுந்து என்று இரண்டே பெயர்கள் ஏற்றமும் இறக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. ஊரில் எங்களவர்களுக்கு நான்கு சிலைகள். பேருந்து நிலையத்தில் நிற்பவர் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவரா அல்லது வயல்வெளியில் ரோமாபுரிக் காசு கண்டெடுத்தவரா என்பது, அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியை யாரோ உடைத்துக்கொண்டு போன பிறகு, யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவருடைய பிறந்தநாளுக்கு இரண்டு தரப்பும் மாலை போட்டது. ஒரு தேர்தலில் குழாய் அம்பலவாணன் என்று நினைத்து ஊரார் காசு அம்பலவாணனுக்கு ஓட்டுப் போட்டுவிட, அந்த மனிதர் ஐந்து வருடம் நகராட்சிக் கூட்டங்களில் முதுமக்கள் தாழியைப் பற்றியே பேசினார். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று புகார் சொல்லப் போனவர்களிடம், எந்த ஆழத்தில் அடைத்திருக்கிறது, அங்கே கருப்பு சிவப்புப் பானை ஓடு தட்டுப்படுகிறதா என்று கேட்டாராம்.

நான் பெரியநாயகி. பெயரில் மட்டும் பெரியவள். பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஆகையால் எங்கள் குடும்பக் கணக்கில் போன பெண்ணுமல்ல, இருக்கிற பிள்ளையுமல்ல. என் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் 'சில குறிப்புகள்' என்று முடியும் தலைப்பு. எந்த வாக்கியத்தையும் நான் 'எனலாம்' என்றோ 'போலும்' என்றோ 'என்று கருத இடமுண்டு' என்றோ முடிக்காமல் விட்டதில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது என் மாணவிகள் "உள்ளேன் எனலாம், அம்மா" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒரு விஷயத்தை இது இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல என் நாக்கு எழுந்ததே இல்லை.

என் சித்தப்பா மகன் சிவக்கொழுந்து இதற்கு நேர் எதிர். அவனுக்கு எதிலும் சந்தேகம் கிடையாது. நகராட்சிச் சேர்மன். வருகிற சட்டசபைத் தேர்தலில் கட்சி தனக்குச் சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நம்பியிருந்தான். அறுபது வயதாகிறது, இந்த முறை கிடைக்காவிட்டால் இனி எந்த முறையும் இல்லை. சீட்டுக் கேட்டவர்களில் ஒருவர் பணக்காரர், ஒருவர் தியாகியின் பேரன். இவனிடம் இரண்டுமில்லை. ஆகையால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூதாதை ஒருவரைத் துணைக்குப் பிடிக்க முடிவு செய்தான். ஏரி மதகைக் கட்டியவர் எங்கள் முன்னோர் என்று எங்கள் தாத்தா ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். மதகுக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடந்த கல்லின் தலையில் தெரிந்த இரண்டு சொல்லை மட்டும் படித்துவிட்டு மீதியை அவர் தம் மன விசாலத்தால் நிரப்பியிருந்தார். அந்தக் கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்ததும், சிவக்கொழுந்து பொக்லைன் கொண்டுவந்து கல்லை முழுவதும் தோண்டி எடுக்கச் செய்தான். மூதாதைக்குச் சிலை செய்யக் கொடுத்தாயிற்று. திறந்துவைக்க மந்திரி தேதி கொடுத்தாயிற்று. கல்லைப் படித்துச் சொல்லவேண்டியது நானும் அம்பலவாணன் அண்ணனும்.

அம்பலவாணன் அண்ணன் எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மகன், தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றுவட்டாரத்துக் கல்வெட்டையெல்லாம் படித்து முடித்தவர். அவரும் சிவக்கொழுந்தும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் கண்டுபிடித்த ஒரு நடுகல்லைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கட்சிக்கொடிக் கம்பத்தை இவன் நட்டுவிட்டதுதான் காரணம். ஒரே இடத்தில் நின்றாலும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

கல்லைக் கழுவினோம். கல்லில் ஒன்றுமில்லை. அம்மிக்கல் போல, கொத்தாத அம்மிக்கல் போல, வழவழவென்று இருந்தது. தாத்தா படித்த இரண்டு சொல்கூட இல்லை. அண்ணன் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லெழுத்தைப் படியெடுப்பது எப்படியென்றால், நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டவைத்து, தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை மயிர்ப்பிரஷால் அடித்து, பிறகு மை தோய்த்த பஞ்சு மூட்டையால் ஒற்றவேண்டும். பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் வரும். நாங்கள் தாளை முன்பே நனைத்து வைத்திருந்தோம். தோண்டுவதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகச் சட்டையைக் கழற்றிய சிவக்கொழுந்து, போட்டோ முடிந்ததும் மதகின் நிழலில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போயிருந்தான். எங்கும் எப்போதும் தூங்குவது எங்கள் குடும்பத்துச் சொத்து. அப்போது அடித்த வெயில் காற்று நனைந்த தாளைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் முதுகில் அழகாகப் போர்த்தியது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரஷை எடுத்தார். பன்னிரண்டு வருடக் கோபத்தையும் ஒரு நடுகல்லின் மானத்தையும் சேர்த்து அந்த முதுகில் அடி அடியென்று அடித்தார், அடித்துவிட்டு மையையும் ஒற்றினார்.

எழுத்து நன்றாக விழுந்திருந்தது.

"பதினொண்ணாம் நூற்றாண்டு" என்றார் அண்ணன்.

"பன்னிரண்டாக இருக்க இடமுண்டு" என்றேன். "ககரத்தைப் பாருங்க."

"ககரத்துல என்ன?"

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கே."

"அவன் சாய்ஞ்சு படுத்திருக்கான்மா."

சிவக்கொழுந்து கண்ணைத் திறக்காமல் கேட்டான். "அக்கா, அந்த ஆளு என் முதுகுல என்ன பண்றாரு?"

"படிச்சிட்டு இருக்காருடா."

"என்ன போட்டிருக்கு?"

"'மதகடியான் சிவக்கொழுந்தன்'னு இருக்கு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஆச்சரியப்படவில்லை. தன் பெயர் எங்கே எழுதியிருந்தாலும் அவன் ஆச்சரியப்பட்டதில்லை. "பொறவு?" என்றான்.

பொறவு ஒன்றுமில்லை, ஒரே வரிதான். ஆனால் அண்ணன் தம் சட்டையையும் கழற்றினார். நான் படியெடுத்தேன். 'தன் கையால் கல் சுமந்து மதகு எடுப்பித்து' என்று வந்தது. எழுத்து கல்லை விட்டு எங்கே போயிற்று என்று இப்படித்தான் தெரிந்தது.

ஏன் போயிற்று என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. ஏரிக்கரை டீக்கடைக் காசிம் பாய் மட்டும், "ஆயிரம் வருஷம் ஒரே எடத்துல நின்னா கல்லுக்கும் சலிச்சுப் போவாதா, அதான் ஆளு மேல ஏறிக்கிச்சு" என்றார். அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. தோல் டாக்டரிடம் போய்க் காட்டியதில் அவர் வேர்க்குருப் பவுடர் எழுதிக்கொடுத்தார். தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது, கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, நனைந்த தாளுக்கும் மைக்கும் மட்டுமே அந்த எழுத்து முகம் கொடுத்தது. ஒரு வீட்டில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே வரி. வீட்டுக்கு வீடு வரி வேறு.

பெருமதகூர் இதை நல்ல மழையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டது. முதல் வாரத்தில் எங்கள் வாசலில் எங்களவர்கள் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், அடுத்த வாரத்தில் எங்களவர்களாக இருக்கக்கூடும் என்று தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டவர்களும் நின்றார்கள், அதற்கடுத்த வாரத்தில் முதுகு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காகவே வெயிலுக்கு வந்து நின்றார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு மைப்படியும் கேட்கத் தொடங்கினார். ஸ்டூடியோக்காரர் மைப்படிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொடுத்தார். மருமகன்களின் முதுகில் எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் மாமனார்களின் நடை மாறிற்று. எதிர்க்கட்சி வார்டு உறுப்பினர் ஒருவரின் முதுகில் ஒரே ஒரு சுழி வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அவர் வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி அதை வேர்க்குரு என்று முடிவு செய்தார்கள். எனக்கும் அண்ணனுக்கும் கையெல்லாம் மை. வாழ்நாளெல்லாம் கல்லைத் தேடிக் காடு மேடு அலைந்தவர்களிடம் கல்வெட்டுகள் தாங்களாகவே நடந்து வந்து, "கொஞ்சம் மெதுவா அடிங்க டீச்சர், நேத்துதான் வெயில்ல வெந்துபோச்சு" என்று சொன்ன சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பெண் பிள்ளைகளுக்குப் படியெடுக்கவேண்டாம் என்று குடும்பக் கூட்டத்தில் முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள், போனவர்கள் போனவர்கள்தான், வம்சாவளிப் படத்தில் அவர்களுக்குக் கிளை போடும் வழக்கம் எப்போதும் இல்லை, இப்போது முதுகில் மட்டும் எதற்கு? ஆராய்ச்சிக்காரர்களும் அரசியல்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது என் நினைவில் அதுதான் முதல் தடவை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். "பெண்களிடமும் இருக்கலாம் போலும்" என்றேன். 'போலும்' என்று முடித்ததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆண்களின் வரிகளை அடுக்கினோம்.

'இவ்வூர்ப் பேரேரி மதகு... மதகடியான் சிவக்கொழுந்தன்... தன் கையால் கல் சுமந்து மதகு எடுப்பித்து... இவன் வம்சத்தார்... சந்திராதித்தவரை.'

மதகைத் தன் கையால் கட்டியவன், சந்திர சூரியர் உள்ளவரை அவன் வம்சம். சிவக்கொழுந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நடுவுல வரி விட்டுப்போயிருக்குன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார் அண்ணன்.

"அந்த ஆளுக்கு எப்பவும் ஏதாவது விட்டுப்போயிருக்கும்னு சொல்லுங்கக்கா" என்றான் அவன்.

மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் 'ஆயிரம் ஆண்டுக்கு முன் மதகு தந்தோம், அடுத்துச் சட்டசபைக்கு வருகிறோம்' என்று போஸ்டர் ஏறிற்று. மூதாதைச் சிலை லாரியில் வந்து இறங்கியது. யாருக்கும் முகம் தெரியாததால் சிவக்கொழுந்தின் முகத்தையே வைத்து, வலது கையை ஏரிப்பக்கம் நீட்டியபடி செய்திருந்தார்கள்.

விழாவில் மந்திரிக்கு ஆரத்தி எடுக்கக் கட்டிக்கொடுத்த பெண்களையெல்லாம் வரவழைத்தார்கள். சேலத்திலிருந்து சிவக்கொழுந்தின் கூடப்பிறந்த தங்கை கோமளவல்லி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்து, பையை மூலையில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எடுக்கா."

"கூட்டத்தில் வேண்டாம்னு..."

"கூட்டத்துல நான் இருந்தேனா? ஆரத்தித் தட்டு தூக்க மட்டும் நான் மதகடியார் வீட்டுப் பொண்ணு, அப்படித்தானே? எடு. பஸ்ல வந்த புழுக்கத்துக்காவது ஆவும்."

எடுத்தேன். 'மழை நாளில் காவலிருந்து உறங்கி உடைய விட்ட' என்று வந்தது.

பிறகு கோமளா எழுந்துபோய்த் தெருத்தெருவாக மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திண்டிவனத்துக்குக் கொடுத்தவள், பண்ருட்டிக்குக் கொடுத்தவள், காதலித்துப் போனதால் கொடுத்ததாகவே கணக்கில் வராதவள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருத்தி முதுகிலும் ஒரு வரி, ஒவ்வொரு வரியும் ஆண்களின் இரண்டு வரிகளுக்கு நடுவில் பூட்டும் சாவியும்போல் போய்ப் பொருந்தியது. விழாவுக்கு முந்தின நாள் மாலையில் தாள்களைத் தரையில் பரப்பி அண்ணன் உரக்கப் படித்தார், சிவக்கொழுந்து கதவில் சாய்ந்து கேட்டான்.

'இவ்வூர்ப் பேரேரி மதகு மழை நாளில் காவலிருந்து உறங்கி உடைய விட்ட மதகடியான் சிவக்கொழுந்தன், செய்த பிழைக்கு ஊர்ச்சபையார் விதித்தபடி தன் கையால் கல் சுமந்து மதகு எடுப்பித்து, இவனும் இவன் வம்சத்தார் ஆணும் பெண்ணும் கோடைதோறும் ஏரியில் தூர் எடுத்துக் கரையில் இடக் கடவர், சந்திராதித்தவரை.'

தூர் எடுக்கவேண்டிய நாங்கள் எத்தனையோ தலைமுறையாகத் தூர் எடுக்காததால், தூர் எடுக்கச் சொன்ன கல்லே தூருக்குள் புதைந்து கிடந்திருக்கிறது.

"தூங்கிட்டானா?" என்றான் சிவக்கொழுந்து மெதுவாக. "காவலுக்குப் போட்டா தூங்குவானா ஒருத்தன்?"

"நீ பட்ஜெட் கூட்டத்துல தூங்கலையாண்ணே?" என்றாள் கோமளா.

அவன் தங்கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அக்கா, நாளைக்கு மேடையில் நீங்கதான் படிக்கணும். நீங்க பொய் சொல்லவேணாம். ஆம்பளைங்க வரியை மட்டும் படிங்க, 'மதகைக் கட்டியவர் மதகடியார் எனலாம்'னு முடிங்க. எனலாம்தானே? நாப்பது வருஷமா ஊர்ல இருக்கிற கல்லுக்கெல்லாம் போட்டீங்க, எனக்கும் ஒண்ணு போடுங்க. என் வாழ்க்கைக்கு இதான் கடைசி பஸ்."

நான் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. போடுவேன் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு குடும்பமே குடியிருக்க இடம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் அவன் மறுபடி வந்தான், கண் சிவந்திருந்தது. "ஒரு வரி குறையுதுக்கா. சந்திராதித்தவரைன்னு சொன்னபிறகு கடைசியில் ஏதாவது இருக்கணுமில்ல? இத்தனை தலைமுறையோட விட்டாச்சுன்னு இருந்தா? மன்னிச்சாச்சுன்னு இருந்தா?"

"எல்லார் முதுகும் பார்த்தாச்சே."

"உங்க முதுகு பார்க்கலையே."

எனக்கே அது தோன்றவில்லை. அத்தனை முதுகுக்கும் படியெடுத்தவளின் முதுகைப் பற்றி அத்தனை பேரில் யாருக்கும் தோன்றவில்லை.

கோமளா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ரவிக்கையை அவிழ்த்துக்கொண்டு நான் பலகையில் குப்புறப் படுத்தேன். தண்ணீரில் நனைந்த தாள் முதுகில் விழுந்தபோது உயிர் ஒரு தடவை துள்ளி அடங்கியது. எழுபத்து நான்கு வயதில் என் முதுகை இன்னொரு கை தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பிரஷ் அடி விழத் தொடங்கியதும் அந்த நினைப்பு ஓடிவிட்டது. நான் இத்தனை காலம் அடித்த கல்லெல்லாம் என்னை மன்னிக்கவேண்டும்.

"வந்துச்சா?" என்று வெளியிலிருந்து குரல்.

"இருண்ணே, இன்னும் மையே வைக்கல."

"விட்டாச்சுன்னு இருக்கா பாரு!"

"நீ கொஞ்சம் வாயை விட்டுட்டு இரு."

மை ஒற்றினாள். தாளை உரித்தாள். "அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. சின்னதா இருக்கு" என்று தாளை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

பழைய கல்வெட்டுகளின் முடிவில் சாட்சிகள் கையெழுத்து வைப்பார்கள். மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும், இது உண்மை என்பதற்கு அவர்கள் எழுதுவது இரண்டே சொல், அதன் பக்கத்தில் தங்கள் பெயர். என் முதுகில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

'இப்படி அறிவேன்.'

வாழ்நாளில் ஒரு முறைகூட நான் எழுதாத வாக்கியத்தை எனக்குத் தெரியாமல் நான் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன், அதுவும் எனக்குக் கை எட்டாத இடத்தில். படுத்தபடியே சிரித்தேன். கோமளா நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் துடைத்துவிட்டாள்.

ஏரிக்கரையில் பந்தல், மேளம், ஆரத்தி. மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, சுருக்கமா" என்றார். சிலைமேல் பச்சைத் துணி. முன்வரிசையில் சிவக்கொழுந்து கைகூப்பி உட்கார்ந்திருந்தான். அவன் என்னைத்தான் கும்பிடுகிறான் என்பது எனக்கு மட்டும் தெரியும். என் கையில் எல்லாத் தாளும் இருந்தன. முதல் வரியைப் படித்தேன், இரண்டாவதாகக் கோமளாவின் வரியைப் படித்தேன், பிறகு ஒரு வரியும் விடாமல் முதுகு முதுகாகப் படித்துக்கொண்டே போனேன். முடித்ததும் வழக்கம்போல் நாக்கு 'எனலாம்' என்ற இடத்துக்குப் போய் நின்றது. அந்த இடத்தில் வேறு வார்த்தை இருந்தது.

"இப்படி அறிவேன். பெரியநாயகி" என்றேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து காசிம் பாய் எழுந்தார். "சேர்மன், கோடை முடிய இன்னும் நாள் இருக்கு. கூடை எங்கிட்ட இருக்கு."

ஊர் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மந்திரியும் சிரித்துவிட்டார், சிரித்தபடியே காரில் ஏறிவிட்டார், பச்சைத் துணியை யாரும் விலக்கவில்லை. அடுத்த வாரம் சீட்டு தியாகியின் பேரனுக்குப் போயிற்று.

அன்று முதல் காலையில் கதவைத் திறந்தால் மதகடியார் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு கூடை இருக்கும். யார் வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சில வீட்டில் மண்வெட்டியும் இருக்கும். கல்யாணத் தரகர் மைப்படியோடு, "பையன் தூர் எடுப்பானா?" என்றும் கேட்டார். பச்சைத் துணி காற்றில் தானாகக் கழன்று விழுந்தபோது, ஏரிப்பக்கம் நீண்டிருந்த சிலையின் கையில் யாரோ ஒரு கூடையை மாட்டியிருந்தார்கள். பொருத்தமாக இருந்தது, அதற்காகவே செய்த கை போல.

சிவக்கொழுந்து என்னோடு பேசாமல் இருந்து, பிறகு ஒரு நாள் வந்தான். உட்காரவில்லை.

"நாப்பது வருஷம் எல்லாத்துக்கும் போட்டீங்களே அக்கா. என் ஒருத்தனுக்குப் போடக்கூடாதா?"

"போட்டிருக்கலாம்டா."

"இப்ப போடுங்க 'கலாம்'. இப்ப நல்லா வருது." துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். "போட்டோக்காரனை வரச் சொல்லியிருக்கேன். ஒரு கூடை தூக்கிட்டு நிறுத்திக்கலாம்னு இருக்கேன். ஊர் வாயாவது அடங்கும். நீங்க என்ன நினைக்கறீங்க?"

"தூக்கேன்."

அவன் ஒரு கூடை தூக்கினான், அரைக்கூடைதான், போட்டோவுக்காகத்தான். அன்று மாலை அண்ணன் அவன் முதுகில் படியெடுத்துப் பார்த்தார், தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. ஓடிப்போய்க் கல்லைப் பார்த்தோம். 'மதகடியான் சிவக்கொழுந்தன்' என்று கல்லில் ஈரம் காயாமல் நின்றது.

அதன் பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோமளா சேலத்துக்குப் போகும் பஸ்ஸை இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். உதவாத வேலைக்காரர்கள் எங்களவர்கள் என்பது அப்போது ஊருக்கு நன்றாகத் தெரிந்தது. அரசியல்காரர்கள் கூடைக்கு ஒரு தடவை பேசினார்கள், ஆராய்ச்சிக்காரர்கள் கூடைக்கு ஒரு பானை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மண்மேட்டில் ஒரு நாள் அண்ணன், "டேய், அந்த ஓட்டை உடைச்சிடாத" என்று கத்தினார். என் வழியாகச் சொல்லவில்லை, நேராகவே சொன்னார். "எது, இதா?" என்று சிவக்கொழுந்தும் நேராகவே கேட்டான், கேட்டுக்கொண்டே அதை மிதித்தான். அதிலிருந்து தினமும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருவருக்கும் சிநேகம். மழை வந்தபோது நாங்கள் தோண்டிய இடத்தில் தண்ணீர் ஒரு முழம் கூடுதலாக நின்றது. ஒரு முழம்தான். காசிம் பாய் டீ ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, தூங்காம செஞ்சிருக்கீங்க" என்றார்.

கோடையும் மழையும் மாறி மாறி வந்துபோகின்றன. எழுத்தெல்லாம் கல்லுக்குத் திரும்பிவிட்டது, மதகுக்குப் போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் விரல் வைத்துப் படிக்கலாம், கடைசி வரி மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குரிய இடம் கல்லில் வழவழப்பாகக் காத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் தூர் எடுக்கும்போது நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூடை வேண்டாம், ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக் கரையில் போட்டால் போதும், அந்த இரண்டு சொல்லும் என் முதுகை விட்டு இறங்கிப்போய்விடும் என்று எனக்குத் தெரியும். கோமளா கோடைக்குக் கோடை வந்து கையை நீட்டுகிறாள். "எறங்கி வாக்கா, நான் பிடிச்சுக்கறேன்." முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை என்று சொல்லி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

முழங்கால்தான் காரணம் போலும்.